அடிமையின் பேரன் ஈட்டிய பொருள்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபொழுது, வணிகர் ஒருவரின் வாழ்க்கையை எழுத விழைகிறோம் என்று மறுமொழி கூறினோம். அவர் சற்றே தயங்கினார். தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. நம் மலர்களில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகிய பெரியோரைப் பற்றியும் கட்டுரைகள் வருவது மரபு. வணிகரைப் போற்றி எழுதும் வழக்கம் நம்மிடையே குறைவு. இரங்கூனில் பெருவணிகராய் விளங்கிய பி. எம். மதுரைப் பிள்ளையின் பெயரையே நம் இளைஞருள் பலர் அறியார். அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவருடைய பேத்தி என்று கூறினால்தான், 'அப்படியா?' என வியக்கின்றனர். பேத்தியின் மேடைப் பேச்சை நினைவிற் கொண்டோம். பாட்டனாரின் கணக்கேட்டை மறந்தோம்.

ஈண்டு நாம் எழுதப் புகுவது அவரைப் பற்றியுமன்று. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்னும் நகரில், 103 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஆர்தர் ஜார்ஜ் காஸ்டன் என்னும் கறுப்பினப் பெரியவரைப் பற்றி எழுதுகிறோம். கடல் கடந்த ஒருவரின் கதை நமக்கெதற்கு என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். 1946ஆம் ஆண்டிலேயே அண்ணல் அம்பேத்கர், அந்நாட்டின் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலைக்கும் நம் மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டியுள்ளார். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபொழுது, திருவனந்தபுரத்தில் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதார் ஒருவர் என்று அவரை மாணவர்க்கு அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்குற்ற கிங், பின்பு எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டப்படாதவனே என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாகப் பிற்காலத்தில் தம் சொற்பொழிவொன்றில் கூறினார். நாமும் ஒரு தலைமையாசிரியர் என்பதால் அந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் உள்ளம் நெகிழ்வதுண்டு.

காஸ்டன் 1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் டெமாபொலிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது அமெரிக்க விடுதலைத் திருநாள். ஆயினும் அவ்விடுதலை எவர்க்கு என்பது வேறு கேள்வி. அவருடைய பாட்டனாரும் பாட்டியாரும் அடிமைகளாய் இருந்து விடுபட்டவர்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்தான். தந்தையார் இளமையிலேயே காலமாகிவிட்டமையின், தாயார் சமையல் வேலைக்குச் செல்ல, மரக்கட்டைகளால் அமைந்த குடிசையில் பாட்டனார் பாட்டியாரே சிறுவனை வளர்த்தனர்.

அக்குடிசையின் முற்றத்தில் ஓர் ஊஞ்சல் இருந்தது. அண்டை அயலிலுள்ள சிறார் அதில் ஆட ஓடி வருவர். சிறுவன் காஸ்டன் ஊஞ்சலாடக் கட்டணம் விதித்தான். ஏழைச் சிறாரிடம் காசேது? ஆகவே சட்டைப் பொத்தான்களையும் குண்டூசிகளையும் கட்டணமாகப் பெற்றான். இதைப் படித்தபொழுது நமக்கு நம் கழகத்தின் முதற் கணக்கேடு நினைவிற்கு வந்தது. தொடக்க நாளில் சந்தா செலுத்தியோர் பட்டியலில் ஒரு தாயாரின் பெயருக்கு எதிரே மட்டும் ரூபாய்க்கு மாறாக 'அரிசி இரண்டு படி' என்று எழுதியிருக்கிறது. ஐயமுள்ளோர் கழக அலுவலகத்தில் பார்க்கலாம்.

தாயார் பர்மிங்காம் நகரில் செல்வர் ஒருவர் வீட்டில் சமையல் பணியில் அமர்ந்தபின், மகனையும் அங்கு அழைத்துக்கொண்டார். 1871இல் தோன்றிய அந்நகர் இரும்புத் தொழிலால் விரைந்து வளர்ந்து வந்தது. அங்கே கேரி டகில் என்னும் அம்மையார், தாமே அடிமையாய்ப் பிறந்தவர், ஆதரவற்ற கறுப்பினக் குழந்தைகளுக்காக 1903இல் ஒரு பள்ளியை நிறுவியிருந்தார். காஸ்டன் அப்பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை பயின்றார். அதற்குமேல் அவர் பள்ளிப் படிப்புப் பெறவில்லை. ஆனால் புக்கர் டி. வாஷிங்டன் எழுதிய தன்வரலாற்று நூலை அங்கேதான் படித்தார். அடிமையாய்ப் பிறந்து கல்லூரி ஒன்றை உருவாக்கிய அப்பெரியாரின் பெயரையே பிற்காலத்தில் தாம் தொடங்கிய நிறுவனங்களுக்குச் சூட்டினார்.

முதல் உலகப் போரில் படைவீரராகப் பிரான்சு நாட்டிற்குச் சென்றார். நாட்டிற்காகப் போரிட்டுத் திரும்பியவரை வரவேற்றது எது? வெள்ளையர்க்கெனத் தனிக் குடிநீர்க் குழாய், தனி இருக்கை, தனிப் பள்ளி. 1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியல் சட்டம், வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு முதலிய தடைகளால் கறுப்பினத்தார் கையிலிருந்து வாக்குரிமையைப் பறித்திருந்தது. கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் நாம் கண்டவற்றை அறிந்த நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரும்பு நிறுவனம் ஒன்றின் சுரங்கப் பகுதியில் கூலி வேலை கிடைத்தது. தாயார் கட்டித் தந்த பகலுணவைக் காஸ்டன் வேலைக்கு எடுத்துச் செல்வார். அதன் மணத்தில் உடன் உழைப்போர் மயங்குவதைக் கண்டு, உணவுப் பொட்டலங்களை விற்கத் தொடங்கினார். பின்னர் வேர்க்கடலையும் சோளப்பொரியும் விற்றார். கையில் பணம் சேரவே, சம்பள நாளுக்கு முன்னர்க் காசின்றித் தவிப்போர்க்குக் கடன் கொடுத்தார். வட்டி, ஒரு டாலருக்குக் கால் டாலர்.

இவ்விடத்தில் நாம் நின்று ஒன்று சொல்லியாக வேண்டும். இது கந்துவட்டியே. நம் மக்களை அழித்தது எதுவோ அதுவேதான். பெரியவர்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய பகுதிகளை மெல்லக் கடந்து போவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. தம் இனத்துத் தொழிலாளரின் வறுமையிலிருந்தே அவர் முதற்பொருளைத் திரட்டினார் என்பது உண்மை. அதன் பின்னர் அவர் செய்தவற்றை இதனுடன் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சுரங்கத் தொழிலாளர் வாழும் பகுதியில் ஒருவர் இறந்தால், அடக்கச் செலவுக்காகத் துண்டேந்திக் காசு திரட்டுவது வழக்கம். வெள்ளையர் நடத்திய காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தாரை ஏற்க மறுத்தன. ஏற்றவையும் குறைந்த பயனே தந்தன. வாழ்நாள் முழுதும் மதிப்பின்றி வாழ்ந்தவனை மண்ணிலிடும் நாளிலேனும் மதிப்புடன் அனுப்ப வேண்டும் என்னும் ஏக்கம் அம்மக்களிடம் ஆழ்ந்திருந்தது. நம் பாட்டனார் மறைந்த நாளை எண்ணிப் பார்க்கிறோம். பாடைக்கும், பறைக்கும், பதினாறாம் நாள் சடங்குக்கும் நம் தந்தையார் நிலக்கிழார் ஒருவரிடம் வாங்கிய கடன், ஆறு ஆண்டு உழைப்பிற்குப் பின்னரே தீர்ந்தது. அக்கடனுக்காக நம் தமக்கையின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஒரு சாவு இரண்டு தலைமுறையின் கல்வியை உண்ணும் என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

1923இல் காஸ்டன் அடக்கச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார. உறுப்பினர் வாரந்தோறும் சில்லறைக் காசு செலுத்த வேண்டும். இறந்தால் முறையான நல்லடக்கம் சங்கத்தின் பொறுப்பு. திட்டம் எளியது. ஆனால் முதற் சாவு எதிர்பாராமல் விரைந்து வந்துவிட்டது. அதுவரை வசூலான தொகை அடக்கச் செலவுக்குப் போதவில்லை. காஸ்டன் கடன் சொல்லி அடக்கத்தைச் செம்மையாக நடத்தினார். அச்செய்தி திருச்சபையில் பரவியது. சொன்ன சொல்லைக் காப்பவர் என்னும் பெயர் வந்தது, உறுப்பினர் பெருகினர். இறந்தவனின் குடும்பத்திற்குக் கொடுத்த வாக்கைக் காத்ததுதான் அவர் வணிகத்தின் முதல் மூலதனம் என்று நமக்குத் தோன்றுகிறது. கடலைப் பொட்டலமும் வட்டியும் அதற்கு அடுத்தவையே.

மாமனாருடன் கூட்டாக அடக்க நிலையம் அமைத்தார். சங்கம் 1932இல் முறையான காப்பீட்டு நிறுவனமாயிற்று. வணிகம் வளர வளரக் கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் பயின்ற ஆட்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததில் வியப்பில்லை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்பிக்க எவர் முன்வந்தனர்? எனவே 1939இல் தாமே ஒரு வணிகக் கல்லூரியைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மின்னி அதனை நடத்தினார். அங்குப் பயின்று வெளிவந்த பெண்கள் பலர், வெள்ளையர் வீட்டுச் சமையலறையைத் தவிர வேறு வேலையறியாத தாய்மாரின் மக்கள். காஸ்டனின் தாயாரும் அத்தகைய சமையற்காரியே என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள்.

1954இல் விடுதி ஒன்றைக் கட்டினார். பயணம் செல்லும் கறுப்பினத்தாரை அந்நாளில் வெள்ளையர் விடுதிகள் ஏற்பதில்லை. இரவில் வண்டியிலேயே உறங்கிச் செல்வோரும் உண்டு. அவர்கள் தலை சாய்க்கக் குளிரூட்டிய அறைகளுடன் எழுந்தது காஸ்டன் விடுதி. 1957இல் சேமிப்பு வங்கி வந்தது. பர்மிங்காமில் கறுப்பினத்தார் 1890இல் தொடங்கிய ஒரு வங்கி 1915இல் மூடப்பட்ட பின், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கென ஒரு வங்கி இல்லை. வீடு கட்டக் கடன் கேட்டுப் பிற வங்கிகளின் வாசலில் நின்று திரும்பியோர் இப்பொழுது காஸ்டனின் வங்கிக்கு வந்தனர். தாம் பெருந்தொகை வைத்திருந்த ஒரு வெள்ளையர் வங்கியில், குடிநீர்க் குழாயின் மேல் 'வெள்ளையர்க்கு மட்டும்' என்றிருந்த பலகையை அகற்றாவிடில் கணக்கை முடித்துக்கொள்வேன் என்றார் காஸ்டன். பலகை அகன்றது. ஊர்வலமில்லை, முழக்கமில்லை. காசோலைப் புத்தகம் பேசிற்று.

நிற்க. காசோலைப் புத்தகம் எல்லாவற்றையும் பேசிவிடுமா? 1963ஆம் ஆண்டு இக்கேள்வியை அவர் முன் வைத்தது.

அந்நகரில் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்னும் பாதிரியார் 1956 முதல் உரிமைப் போராட்டத்தை நடத்தி வந்தார். அவ்வாண்டுக் கிறித்துமசு இரவில் அவர் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது, அவர் தப்பினார், மறுநாளே பேருந்தில் வெள்ளையர் இருக்கையில் அமரச் சென்றார். அவருடைய அழைப்பின்பேரில் 1963 ஏப்ரலில் கிங் பர்மிங்காமில் போராட்டத்தைத் தொடங்கினார். கிங்கும் அவர் தோழரும் தங்கியது காஸ்டன் விடுதியில். முப்பதாம் எண் அறை அவர்களின் பாசறையாயிற்று. தடையை மீறிச் சிறை செல்வதென்று கிங் முடிவெடுத்ததும் அவ்வறையில்தான். சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை உலகம் அறியும்.

ஆயினும், இடமளித்த காஸ்டன் போராட்ட முறையை ஏற்கவில்லை. புதிய மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், அவர் பொறுப்பேற்கட்டும், சற்றுப் பொறுக்கலாம், பேசித் தீர்க்கலாம் என்பது அவர் கருத்து. எழுபது வயது முதியவர். ஒவ்வொரு செங்கல்லாய் அடுக்கி எழுப்பியவர். இழப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது. இளைஞர் அவரை 'அங்கிள் டாம்' என்று ஏசினர். 1852இல் வெளிவந்த புகழ்பெற்ற புதினத்தின் நாயகன் பெயர் அது. வெள்ளையர்க்குப் பணிந்து நடப்பவன் என்னும் பொருளில் வசைச் சொல்லாக வழங்கலாயிற்று. நம்மிடையேயும் இத்தகைய வசைகளுக்குப் பஞ்சமில்லை.

பெரியோர் பலர் சிறை செல்லத் தயங்கியதால், மே 2ஆம் நாள் பள்ளிப் பிள்ளைகள் திருச்சபையிலிருந்து அணியணியாகப் புறப்பட்டனர். முதல் நாளிலேயே பல நூற்றுவர் கைதாயினர். காஸ்டனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. பிள்ளைகள் இருக்க வேண்டிய இடம் பள்ளி என்றார்.

நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே சொன்னோம். தலைமைப் பொறுப்பேற்ற முதலாண்டில், விடுதியில் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள், உண்ணத் தகாத அரிசி வருகிறதென்று வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஊர்வலம் போக அனுமதி கேட்டனர். தேர்வு நெருங்குகிறது, விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்று கூறி, வாயிற்கதவைப் பூட்டச் செய்தோம். நாற்பது பிள்ளைகள் சுவரேறிக் குதித்துச் சென்றனர். மாலையில் திரும்பியவர்கள் நம் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் நல்ல அரிசி வந்தது. நாம் எழுதிய விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறதென்று இன்றுவரை தெரியாது. நம்முடைய அச்சம் பிள்ளைகளின் தேர்வைப் பற்றியதா, நம் பணியைப் பற்றியதா என்று நம்மையே பலமுறை கேட்டிருக்கிறோம்.

மே 3ஆம் நாள், காஸ்டன் தம் அலுவலகத்திலிருந்து வெள்ளை வழக்கறிஞர் ஒருவருடன் தொலைபேசியில் உரையாடிக்கொண்டிருந்தார். கிங் இவ்வாறு செய்வது சரியில்லை என்பதே பேச்சு. அலுவலகத்தின் பலகணி பூங்காவை நோக்கியது. பேச்சினிடையே வெளியே நோக்கியவர் நிறுத்திவிட்டார். தீயணைப்புக் குழாயின் நீர்ப் பாய்ச்சல் ஒரு சிறு கறுப்பினப் பெண்ணைத் தெருவில் உருட்டிச் செல்வதைக் கண்டார். கண்டதைச் சொல்லி, இனி உம்முடன் பேச இயலாது என்று தொலைபேசியை வைத்துவிட்டதாக அவ்வழக்கறிஞரே பின்னாளில் எடுத்துரைத்தார்.

அந்தக் கணத்தில் அவர் முற்றிலும் மாறிவிட்டார் என்று கதை கட்ட நமக்கு மனமில்லை. அதன் பின்னரும் அவர் பேச்சுவார்த்தையை விரும்பியவரே. ஆனால் எந்தப் பக்கம் நின்று பேசுவது என்பதில் ஐயம் நீங்கிற்று. மே 8இல், உடன்பாடு கனிந்து வரும் வேளையில், நீதிபதி பிணைத் தொகையைத் திடீரென உயர்த்திக் கிங்கையும் அவர் தோழர் அபர்நாதியையும் மீண்டும் சிறையிலிட்டார். ஆளுக்கு 2,500 டாலர். போராட்டம் சிதறியிருக்கும், பேச்சுவார்த்தை முறிந்திருக்கும். காஸ்டன் 5,000 டாலரைக் கட்டி இருவரையும் மீட்டார். சுரங்கத் தொழிலாளரும் சமையற்காரிகளும் நாற்பது ஆண்டுகளாக வாரந்தோறும் செலுத்திய சில்லறைக் காசால் வளர்ந்த செல்வம் அது. மே 10இல் உடன்பாடு ஏற்பட்டது. உணவுக் கடைகளிலும் குடிநீர்க் குழாய்களிலும் பாகுபாடு நீங்க வழி பிறந்தது. மறுநாள் இரவே காஸ்டன் விடுதியில், கிங் தங்கியிருந்த அறைக்குக் கீழே, வெடிகுண்டு வெடித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காஸ்டனின் வீட்டின் மீதும் தீக்குண்டுகள் எறியப்பட்டன. பணிந்து நடப்பவர் என்று இளைஞர் ஏசியவரின் வீட்டைக் குண்டெறிந்தோர் அவ்வாறு கருதவில்லை போலும்.

அதே செப்டம்பர் 15ஆம் நாள், பிள்ளைகள் புறப்பட்டுச் சென்ற அந்தத் திருச்சபையில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. காஸ்டன் அஞ்சியது வீணச்சமன்று என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். குடிமை உரிமைச் சட்டம் 1964 ஜூலையில் நிறைவேறிற்று.

பிந்திய ஆண்டுகளை விரைந்து கூறுவோம். 1966இல் சிறுவர் மன்றம் ஒன்றை நிறுவினார். 'கறுப்பு ஆற்றல்' என்னும் முழக்கம் எங்கும் ஒலித்த காலத்தில், 1968இல், தம் வாழ்க்கை வரலாற்றைப் 'பச்சை ஆற்றல்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். பச்சை என்பது டாலர் தாளின் நிறம். கிழவர் குறும்புக்காரர்தாம். 1976இல், 83ஆம் வயதில், வீடு புகுந்த ஒருவன் அவரையும் துணைவியாரையும் தாக்கி அவரைக் கடத்திச் சென்றான். காவலர் சில மணி நேரத்தில் மீட்டனர்.

எல்லாக் குடும்ப வணிகத்திற்கும் முதுமையில் ஒரு கேள்வி எழும்: இனி யாருக்கு? நம் ஊர்களில் இக்கேள்வி எழுந்தால் பங்காளிச் சண்டையிலும் வழக்குமன்றத்திலும் முடிவதைக் காண்கிறோம். காஸ்டன் 1987இல், தம் 95ஆம் வயதில், தம் காப்பீட்டு நிறுவனத்தை அதில் பணியாற்றிய ஊழியர்களுக்கே விற்றார். விலை 34 இலட்சம் டாலர். உண்மை மதிப்பில் இது ஏறத்தாழப் பத்திலொரு பங்கே என்பர். வெளியார்க்கு விற்றிருந்தால் பன்மடங்கு பெற்றிருக்கலாம். டாலருக்குக் கால் டாலர் வட்டி வாங்கிய அந்த இளைஞரே இந்த முதியவரும் என்பதை எண்ணுகையில், மனிதரைப் பற்றி விரைந்து தீர்ப்பெழுதுவதை நாம் சற்றுத் தள்ளி வைக்கிறோம்.

நிறுவனத்தை ஒப்படைத்த பின்னும் அவர் அலுவலகம் செல்வதை விடவில்லை. 1992இல் அமெரிக்கக் கறுப்பின வணிக இதழொன்று அவரை நூற்றாண்டின் தொழில்முனைவோர் எனச் சிறப்பித்தது. 1996ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19ஆம் நாள் காலமானார். விடுதி பின்னர் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமா, அவ்விடுதியும் அப்பூங்காவும் அத்திருச்சபையும் அடங்கிய பகுதியைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். பலகணி வழியே காஸ்டன் பார்த்த அந்தத் தெருவோரத்தில் இப்பொழுது, நீர்ப் பாய்ச்சலுக்கும் காவல் நாய்களுக்கும் எதிரே நின்ற பிள்ளைகளின் சிலைகள் நிற்கின்றன.